அக்கா தள்ளிய கார்

மெக்கானிக்குக்குத் தன் அக்கா புருஷன் மேல் மரியாதை என்று ஒன்று இருந்ததே இல்லை. அறுபது வருஷத்துப் பழைய காரை வாங்கிவிட்டு, அதைத் தானே செய்து இறக்கியவர் மாதிரி பீற்றிக்கொள்ளும் ஆளை அவளால் எப்படி மதிக்க முடியும்? பானெட்டைத் திறந்தால் கார்புரேட்டர் எந்தப் பக்கம் என்று தெரியாது. வண்டி நின்றாலும் வாய் நிற்காது.

அந்த வண்டி அடிக்கடி நின்றது. கால் மணி நேரம் பூப்போல ஓடும். பிறகு இருமி, தும்மி, நடுரோட்டில் படுத்துவிடும். தள்ளினால் கிளம்பும் என்பது அத்தானின் கட்சி. அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்க, அக்கா இறங்கித் தள்ளுவாள். அரை மணி போல ஆனதும் அது கிளம்பித் தொலைக்கும். பார்த்தாயா என்று அவர் சிரிப்பார். இப்படியே நாலு மாதம்.

கார்புரேட்டரை இரண்டு தடவை மாற்றியாயிற்று என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டுதான் அவர் ஷெட்டுக்கு வந்தார். மெக்கானிக் அதைக் காதில் வாங்கவே இல்லை. சூடானதும் நிற்கிறது என்றால் ஸ்பார்க்குக்கு உதவும் கண்டன்சர்தான் என்று மனசுக்குள் தீர்த்துவிட்டாள். கூட வந்திருந்த அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள்; மெக்கானிக் கையமர்த்திவிட்டாள். அத்தான் சீக்கிரம் போய்த் தொலைந்தால் போதும் என்று மெக்கானிக் சோதித்துக்கூடப் பார்க்காமல் கண்டன்சரை மாற்றி அனுப்பிவிட்டாள்.

மறுநாள் காலையிலேயே அத்தானிடமிருந்து போன், வண்டி மறுபடி நின்றுவிட்டதென்று. அவள் பையைத் தூக்கிக்கொண்டு போனபோது, வெயிலில் அக்கா வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். உள்ளே அத்தான் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டிருந்தார்.

"இறங்குங்க அத்தான்," என்றாள். அக்காவை அந்த சீட்டில் உட்காரவைத்தாள்.

ஒரு பிளக்கைக் கழற்றி, ஒயரோடு எஞ்சின் மேல் படுக்கவைத்து, செல்ஃப் அடிக்கச் சொன்னாள். பளிச்சென்று நீல ஸ்பார்க். கரண்ட்டில் கோளாறே இல்லை. பழைய கண்டன்சரும் ஒரு பாவமும் செய்திருக்காது. அவளுக்கு முகம் சுண்டியது.

பிளக்கைத் திரும்பப் பூட்டினாள். அடுத்து கார்புரேட்டருக்கு வரும் பெட்ரோல் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டாள். செல்ஃப் அடித்ததும் இரண்டு சொட்டு துப்பியது. அத்தோடு சரி.

"பம்ப் போச்சு," என்றார் அத்தான் உடனே.

அக்கா ஜன்னல் வழியாக மெதுவாகச் சொன்னாள்: "பெட்ரோல் போடறப்ப டேங்க் மூடியைத் திறந்தா உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வரும். இவர்கிட்ட சொன்னேன். பெட்ரோல்னா அப்படித்தான்னாரு. நேத்து உன்கிட்டயும் சொல்லலாம்னுதான் வந்தேன்."

மெக்கானிக் பின்பக்கம் போய் மூடியைத் திருகினாள். டேங்க் உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. மறுபடி செல்ஃப் அடித்தபோது பாட்டிலில் பெட்ரோல் குபுகுபுவென்று விழுந்தது. பம்ப் நன்றாகத்தான் இருந்தது. மூடியில் காற்று புகுவதற்கு ஊசித் துவாரம் இருக்க வேண்டும். பளபளவென்று மின்னிய இந்த மூடியில் அது இல்லை. பெட்ரோல் குறையக் குறைய டேங்க் மூச்சடைத்துப்போயிருந்தது. அக்கா தள்ளிய அரை மணியில் டேங்க் கொஞ்சங்கொஞ்சமாகக் காற்றை இழுத்துத் தானாகச் சமாளித்திருக்கிறது; வண்டி கிளம்பியது தள்ளியதால் இல்லை.

"இதை எப்ப மாத்தினீங்க?"

"நாலு மாசம் ஆச்சு. பழசு கருத்துப்போயிருந்துச்சு. இது எடுப்பா இருக்குல்ல?"

அவள் மூடியைக் கையில் புரட்டினாள். அவரைத் திட்ட வார்த்தை ஏராளமாக இருந்தது. ஆனால் நேற்று அக்காவின் வாயை அடைத்தவள் தான்தானே. குழாயைப் பூட்டினாள். காற்று புகும்படி மூடியை அரைகுறையாகத் திருகி, ஷெட்டுக்குக் கொண்டுவரச் சொன்னாள். எஞ்சின் சீறிக் கிளம்பியது.

அத்தான் கதவுப் பக்கம் வந்தார். "எனக்கு ஆரம்பத்திலிருந்தே அந்த மூடி மேலதான் சந்தேகம்."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்படியா? அப்ப நடந்தே வாங்க," என்றாள். வண்டி இருமாமல் தும்மாமல் தெருமுனை திரும்பி மறைந்தது.

மெக்கானிக் கனமான பையை அவர் கையில் கொடுத்தாள். ஷெட் வரைக்கும், எஞ்சின் எப்படி வேலை செய்கிறது என்று அவர் அவளுக்கு விளக்கிக்கொண்டே வந்தார்.