மேர்லினின் அட்டை

குவைத்தில் வேலைக்கு நின்ற வீட்டிலிருந்து அடி தாங்காமல் ஓடிய தக்ஷாயினிக்கு, பிள்ளை பெறும்போது கையில் எந்தப் பத்திரமும் இல்லை. அங்கேயே வேலை செய்த கல்குடா ஊர்த் தோழி மேர்லின்தான் தன் அடையாள அட்டையைக் கொடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். பத்திரமில்லாதவர்களுக்குக் குவைத் அரசு கொடுத்த பொதுமன்னிப்பில் ஊர் திரும்பிப் பிள்ளைக்குப் பிரஜாவுரிமை கேட்கப் போனபோது, அந்த உபகாரமே குரல்வளையைப் பிடித்தது.

"இதில தாய் மேர்லின் எண்டுதானே இரிக்கு?" என்றார் அதிகாரி, பிறப்புப் பத்திரத்தைப் பார்த்து.

"அவட அட்டையில பெத்தது நான்தான் சேர்."

"அப்ப அவ வந்து சொல்லட்டும்."

மேர்லினின் தொலைபேசி மாதக்கணக்காகச் செத்துக் கிடந்தது.

பசியில் பிள்ளை வீரிட்டது. தக்ஷாயினி சேலைத் தலைப்பால் மூடி அங்கேயே பால் கொடுத்தாள். அதிகாரி மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"புள்ள குடிச்சு முடியட்டும், தங்கச்சி. பிறகு போய்த் தாயைத் தேடுங்க."