பதினொரு விநாடி முகம்

1996ஆம் ஆண்டு, மடவை மீன் கிலோ ஏழு பவுண்டுக்கு விற்ற குளிர்காலத்தில், ரமலான் எட்டாம் நோன்பன்று, நோன்பு திறக்கும் மஃரிபு பாங்குக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது, எங்கள் ஊரான எஸ்பத் கர்மூத்தில் மீனவர் ரிஸ்க்கின் முகம் மறைந்தது. தலை இருந்தது. கழுத்து இருந்தது. தலைத்துணி வழக்கம்போல ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. முகம் இருந்த இடத்தில் மட்டும் நாற்பது வாட் பல்பு அளவுக்கு வெள்ளை வெளிச்சம் நின்றது. அடுப்பில் அவரைக்கொட்டை வேகவைத்துக்கொண்டிருந்த மனைவி நஜாத் நிமிர்ந்து பார்த்துக் கண் கூசி, "விளக்க ஏன் கையில பிடிச்சிட்டு நிக்கிறீங்க, மேல மாட்டுங்க" என்றாள். "கையில ஒண்ணும் இல்லியே" என்று வெளிச்சத்துக்குள்ளிருந்து குரல் வந்தது. அதற்குள் பாங்கு சொல்லிவிட்டதால் இருவரும் முதலில் பேரீச்சம்பழம் தின்று தண்ணீர் குடித்தார்கள். அழுகையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

காரணம் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். முந்தைய ஆண்டு வசந்தத்தில் கெய்ரோவிலிருந்து வக்தி என்ற இயக்குநர் நான்கு லாரிகளோடு எங்கள் காரூன் ஏரிக்கரைக்கு வந்தார். யூனுஸ் நபியைப் பெரிய மீன் விழுங்கிக் கரையில் உமிழ்ந்த சரித்திரத்தைப் படமாக எடுக்கப்போவதாகச் சொன்னார். மார்க்க அறிஞர் சபையின் அனுமதிக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார், கேட்காதவர்களிடமும் எடுத்துக் காட்டினார். கடிதத்தில் ஒரே நிபந்தனை: நபியின் முகம் தெரியக்கூடாது. முகம் வரவேண்டிய இடத்தில் வெளிச்சம் போடலாம், அல்லது முதுகை மட்டும் காட்டலாம். நடிகர்களின் முதுகு நடிகர்களின் முதுகாகவே இருக்கிறது என்று வக்தி சலித்துக்கொண்டார். வலை இழுத்த முதுகு வேண்டுமென்று கரையில் மூன்று நாள் நடந்து, குனிந்து மீன் பிரித்துக்கொண்டிருந்தவர்களையெல்லாம் பின்னாலிருந்து பார்த்து, ரிஸ்க்கைப் பிடித்தார். பள்ளிவாசல் இமாம் ஷேக் இஸ்மத் படக்குழுவுக்குத் தன் வீட்டிலிருந்து தேநீர் அனுப்பினார். "ஏன்டா ரிஸ்க், உன் முதுகுக்கு வந்த யோகத்தப் பாரு, மூஞ்சிக்கு வரலியே" என்று ஊரே கேலி செய்தது.

படப்பிடிப்பின் ஏழாம் நாள், மீன் உமிழ்ந்துவிட்ட யூனுஸ் நபி கரையில் கிடக்க, அவருக்கு நிழலாகச் சுரைக்கொடி படர்கிற காட்சி. ரிஸ்க் காமிராவுக்கு முதுகைக் காட்டியபடி ஏரியைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். காமிராவுக்குப் பின்னாலிருந்த கரைப்பாதையில் அவருடைய மைத்துனன் ஜைன்ஹும் கழுதை மேல் வந்துகொண்டிருந்தான். படம் எடுக்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரியும், காமிரா ஓடுகிறது என்பது தெரியாது. வழக்கம்போல, "அஸ்ஸலாமு அலைக்கும், மச்சான்!" என்று கூப்பிட்டான். சலாம் சொன்னவனுக்குப் பதில் சொல்லாமல் விடுவது எங்கள் ஊரில் யாருக்கும் கைவராத காரியம். ரிஸ்க் திரும்பினார், ஈரத் தாடியோடு வெயிலில் கண்ணைச் சுருக்கிச் சிரித்தார், "வ அலைக்குமுஸ்ஸலாம்" என்று முழுதாகச் சொல்லி முடித்தார், மறுபடி ஏரியைப் பார்த்தார். எல்லாம் சேர்த்துப் பதினொரு விநாடி. அந்தத் துண்டை வெட்டி எறிந்திருக்கலாம். வக்தி அதைக் கெய்ரோவில் போட்டுப் பார்த்துவிட்டு அழுதாராம். மரணத்திலிருந்து திரும்பி வந்த ஒரு மனிதன் உலகத்துக்குச் சமாதானம் சொல்கிற முகம் இதுதான் என்றாராம். கடிதத்தை மறந்தார், அல்லது மறந்ததாக வைத்துக்கொண்டார். அறிவாளிகளுக்கு இது ஒரு வியாதி.

படம் ஆறு நாள் ஓடியது. ஏழாம் நாள் ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு கெய்ரோவில் கூட்டம் திரண்டு கொட்டகையின் கண்ணாடிகளை நொறுக்கியது. சபை அனுமதியைத் திரும்பப் பெற்றது, அரசு படச்சுருளை எடுத்துப் பூட்டி வைத்தது. நடிகர்கள் பத்திரிகையில் மன்னிப்புக் கேட்டார்கள். வக்தி பாரிசுக்குப் பறந்தார். எல்லோருக்கும் போக ஓர் இடம் இருந்தது. ரிஸ்க்குக்கு இருந்தது எஸ்பத் கர்மூத் மட்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஷேக் இஸ்மத் மிம்பர் மேடையில் ஏறினார். படக்குழுவுக்குத் தேநீர் அனுப்பியவர் என்பதால் மற்ற ஊர் இமாம்களைவிடச் சற்று உரக்கவே பேச வேண்டியிருந்தது. நபியின் முகமென்று ஒரு பொய்யை உலகத்துக்குக் காட்டிய முகத்தை யாரும் பார்க்க வேண்டாம், பார்க்கிற கண்ணும் அந்தப் பாவத்தில் பங்கு பெறும் என்றார். தொழுகை முடிந்ததும் ரிஸ்க் எழுந்து நின்றார்.

"ஷேக், நான் என்ன செஞ்சேன்? சலாமுக்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதானே?"

"சொல்லியிருக்கணும்" என்றார் ஷேக், பாயைப் பார்த்தபடி. "திரும்பாம சொல்லியிருக்கணும்."

அதன்பின் நாங்கள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அடித்தோமா, வீட்டைக் கொளுத்தினோமா, இல்லை. மீன் வாங்க வந்தவர்கள் வேறு படகுக்குப் போனார்கள். எதிரில் வந்தால் தரையைப் பார்த்தோம், காப்பிக்கடையில் உட்கார்ந்தால் சுவரைப் பார்த்தோம். ஜைன்ஹும்கூட சலாம் சொல்லும்போது தன் கழுதையின் காதைப் பார்த்துச் சொன்னான். கர்ப்பிணியான நஜாத் மட்டும் பார்த்தாள். ஆனால் வயிற்றுப் பிள்ளைக்குப் பாவம் ஒட்டிவிடும் என்று அவளுடைய அம்மா சொல்லச் சொல்ல, அவளும் விளக்கை அணைத்த பிறகே அவரோடு பேசப் பழகினாள். இப்படி மூன்று மாதம். அதற்கு மேல் ஒரு முகம் எதற்காக இருக்க வேண்டும்? எங்களைக் கேட்டால், நாங்கள் பார்க்காமல் விட்டதால்தான் அது போனது என்போம். ஆனால் எங்களை யாரும் கேட்கவில்லை.

வெளிச்சம் வந்த மறுநாள் ஷேக் இஸ்மத் நேரில் வந்து பார்த்தார், கையைக் குவித்துக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு. தண்டனையா, அருளா என்று அவருக்கே குழப்பம். சபைக்குக் கடிதம் எழுதினார். பதில் வர இரண்டு ஆண்டு ஆனது. முகத்தைக் காட்டுவது கூடாது என்ற தீர்ப்பில் மாற்றமில்லை, வெளிச்சத்தைப் பொறுத்தவரை ஆட்சேபம் இல்லை என்று முத்திரையோடு எழுதியிருந்தார்கள். எங்கள் ஊர் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. முகம் போன வாரமே அவரிடம் மீன் வாங்கத் தொடங்கிவிட்டோம். பார்க்கக்கூடாதது இல்லாமல் போன பிறகு பகை எதற்கு? திருமணங்களுக்கு அழைத்தோம், பெருநாளில் கட்டித் தழுவினோம். கன்னமும் மூக்கும் கைக்குத் தட்டுப்பட்டன, தாடி குத்தியது, கண்ணுக்கு மட்டும் ஒன்றுமில்லை. தொழுகைக்கு முன் முகம் கழுவினால் வெளிச்சத்திலிருந்து நீர் சொட்டியது. அடையாள அட்டை அலுவலகத்தில் மூன்று முறை படம் பிடித்து மூன்று முறையும் வெள்ளையாக வந்ததும், அதையே ஒட்டி முத்திரை குத்திக் கொடுத்தார்கள். டிவி மட்டும் அவர் இருக்கும் அறையில் ஓடாது, திரை வெளுத்துவிடும். யாராவது நாடகம் பார்க்க வந்தால் அவரே எழுந்து ஏரிக்கரைக்குப் போய்விடுவார்.

முகம் மறைந்த நாற்பதாம் நாள் மகள் பிறந்தாள். சமாஹ் என்று பெயர் வைத்தார்கள். தன் தகப்பன் முகத்தைப் பார்க்காத ஒரே பிள்ளை எங்கள் ஊரில் அவள்தான். தகப்பனை இழந்த பிள்ளைகள்கூடப் புகைப்படம் வைத்திருந்தார்கள். இவர்கள் வீட்டுக் கல்யாணப் படத்தில் நஜாத்தின் பக்கத்தில் ஒரு மாப்பிள்ளைக் கோட்டும் அதன்மேல் ஒரு வெளிச்சமும் நின்றன. சின்ன வயதில் அவள் அவர் மடியில் ஏறி உட்கார்ந்து விரலால் தடவித் தடவி, சிலேட்டில் வரைந்து பார்ப்பாள். வந்தது முகமாக இருக்கும், யாருடைய முகமென்று தெரியாது. அம்மாவை நச்சரிப்பாள். கண்ணு பெருசு, தேன் நிறம் என்று நஜாத் ஒரு வருஷம் சொன்னாள். அடுத்த வருஷம் கறுப்பு என்றாள்.

"போன தடவ தேன் நிறம்னீங்களே உம்மா?"

"போடி, ஒவ்வொரு வெயில்ல ஒவ்வொரு நிறம்" என்று அதட்டிவிட்டு, நஜாத் அடுப்படிக்குப் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டாள். மறந்துவிட்டது. பன்னிரண்டு வருஷம் வெளிச்சத்தோடு குடும்பம் நடத்தியவளுக்கு, கண்ணை மூடினாலும் வெளிச்சம்தான் வந்தது. ஜைன்ஹுமிடம் கேட்டாள், அவனுக்கும் கழுதையின் காதுதான் நினைவிருந்தது. ஊரில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மூக்கைச் சொன்னார்கள்.

ஆகவே அந்த முகம் உலகத்தில் ஒரே இடத்தில்தான் மிச்சம் இருந்தது: கெய்ரோவில் பூட்டிய அறையில், பதினொரு விநாடி. சமாஹ் பதினாலு வயதில் முதல் மனு எழுதினாள். நான் நடிகையாகக் கேட்கவில்லை, மார்க்கத்தைக் கெடுக்கவும் கேட்கவில்லை, என் பாபாவை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று எழுதினாள். பதில் இல்லை. வருஷத்துக்கு ஒன்றாக ஆறு மனு. நடுவில் ஓர் ஆட்சி கவிழ்ந்தது, இன்னொன்று வந்தது, அதுவும் போனது. மனு வாங்கும் சன்னலில் அதே ஆள்தான் இருந்தார்.

2016இல், கிலோ மடவை நாற்பது பவுண்டைத் தொட்ட கோடையில், வெளிநாட்டுச் செயற்கைக்கோள் சேனல் ஒன்று அந்தப் படத்தை வாங்கிவிட்டதாக அறிவித்தது. இருபது ஆண்டு தடை செய்யப்பட்ட படம், வெள்ளிக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு, டிவியில் முதன்முறையாக. ரிஸ்க் அந்த வாரம் முழுக்க மீன் பிடிக்கப் போகவில்லை. வியாழன் அன்று தலைத்துணியைத் துவைத்துக் காயப்போட்டார், படத்தில் வரப்போவது அதுதான் என்பதுபோல. வெள்ளிக்கிழமை டிவிக்கு முன்னால் பாயை விரித்துக் கொடுத்துவிட்டு வாசலுக்கு நடந்தார்.

"சமாஹ், கண்ண இமைச்சிடாத புள்ள. பதினோரு விநாடிதான். நான் தெருவுலதான் நிக்கேன்."

"நீங்க எட்டவே நில்லுங்க பாபா. இல்லேன்னா வெளுத்துரும்."

அவர் புளியமரம் வரை போய் நின்றார். அதற்கும் பயந்து, இன்னும் இருபது அடி தள்ளிப் போனார்.

கரையில் மீன் உமிழ்ந்தது. சுரைக்கொடி படர்ந்தது. அந்த முதுகு உட்கார்ந்திருந்தது. ஜைன்ஹுமின் குரல் எங்கிருந்தோ சன்னமாகக் கேட்டது. முதுகு திரும்பியது. தலைத்துணிக்குக் கீழே, கழுத்துக்கு மேலே, வெள்ளை வெளிச்சம் இருந்தது. எந்த நாட்டிலும் பிரச்சினை வராமலிருக்கச் சேனல்காரர்கள் கம்ப்யூட்டரில் போட்டது. நல்ல வேலைப்பாடு, துளிகூட விளிம்பு தெரியவில்லை. வெளிச்சம் பதினொரு விநாடி அவளைப் பார்த்து "வ அலைக்குமுஸ்ஸலாம்" என்றது. படத்தின் முடிவில், பழைய படச்சுருள் பழுதாகிவிட்டதால் அழிக்கப்பட்டது, இனி இதுவே மூலப்பிரதி என்று எழுத்து ஓடியது. நஜாத் முக்காட்டுத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சமாஹ் முகம் கழுவிவிட்டு வெளியே போனாள். அவர் தெருக் கடைசியில் நின்றுகொண்டிருந்தார், பகலில் மறந்து எரியவிட்ட தெருவிளக்கைப்போல.

"தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது பாபா."

"எப்படி இருந்தேன்?"

அவள் இதற்குத் தயாராக வரவில்லை. அவருடைய செருப்பைப் பார்த்தாள்.

"என்னைய மாதிரியே இருந்தீங்க" என்றாள்.

அன்று ஊரில் நூற்றுப் பத்து வீட்டில் டிவி ஓடியது. எல்லோரும் அதே வெளிச்சத்தைத்தான் பார்த்தோம். சமாஹ் சொன்னதோ அதற்குள் தெரு முழுக்கப் போய்ச் சேர்ந்திருந்தது. அஞ்சு மணிக்குள் ஜைன்ஹும் கழுதையை ஓட்டிக்கொண்டு வந்து, "மச்சான், மூஞ்சி பளிச்சுனு இருந்துச்சு, அப்படியே நம்ம சமாஹ்" என்றான். காப்பிக்கடையில் அதையே சொன்னார்கள். மறு ஜும்ஆவில், எண்பது வயதான ஷேக் இஸ்மத் அவர் கையைப் பிடித்து, வெளிச்சத்தை நேராகப் பார்த்து, கண்ணில் நீர் வழிய அதையே சொன்னார். இருபது வருஷம் முன்பு எல்லோரும் சேர்ந்து ஒரு முகத்தை எடுத்துக்கொண்டோம். இப்போது எல்லோரும் சேர்ந்து ஒரு முகத்தைக் கொடுத்தோம். அது அவருடையது இல்லை, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலைகளில் ரிஸ்க் தாடியைத் திருத்தும்போது கண்ணாடி வைத்துக்கொள்வதில்லை. மகளை எதிரில் உட்கார வைத்து, அவளைப் பார்த்தபடி கத்தரியை வைக்கிறார். வயசாகிட்டே போகுது எனக்கு என்பார் சில நாள், அவள் கண்ணுக்குக் கீழே பார்த்து. பெண் கேட்டு வந்த மூன்று இடங்களையும் சமாஹ் வேண்டாமென்று அனுப்பிவிட்டாள். அவர் திருத்தி முடிக்கும்வரை அவள் அழுவதில்லை. அழுதால், அழுவது தன் முகம்தான் என்று அவர் நினைத்துக்கொள்வார்.