ஓட்டை இல்லாத கோஸ்

இலைகளில் ஓட்டை இல்லை. அதுதான் ஹோ தொக்சுவுக்குக் கவலை.

குளிர்காலக் கிம்ச்சி ஊறுகாய்க்கு முட்டைக்கோஸ் எடுத்துப்போக, மருமகளின் தாயார் சியோலிலிருந்து வந்துகொண்டிருந்தார். மருமகள் முழுகாமல் இருக்கிறாள். "என் பொண்ணு வாயில பூச்சிமருந்து படக்கூடாது, சம்பந்தி" என்று அந்த அம்மாள் முன்பே சொல்லியிருந்தார். "எங்க தோட்டத்துல மருந்து வாசனைகூட வராது. இது ஹோ குடும்பத்து வாக்கு" என்று தொக்சுவும் நிமிர்ந்து நின்று சொல்லியிருந்தார்.

அப்போது வெளி இலைகள் சல்லடையாக இருந்தன. புழு தின்ற இலையை விட வேறென்ன சாட்சி வேண்டும்? பிறகு மூதாதையருக்குப் படைக்க அண்ணன் ஊருக்குப் போனவர், அங்கே இடுப்புப் பிடித்துக்கொண்டதால் தங்கிவிட்டு நேற்று மாலைதான் திரும்பினார். இன்று பார்த்தால் உள் இலைகள் அத்தனையும் கடைச் சரக்குபோலப் பளபளத்தன.

"மருந்து அடிச்சியா?" மனைவி ஓக்புன்னைக் கேட்டார்.

"கையாலதான் பொறுக்கினேன்."

"குனிஞ்சா முதுகு போச்சுன்னு கத்துறவ நீ. இத்தனை புழுவையும் பொறுக்கினியாக்கும்?"

ஓக்புன் மிளகாய்த்தூள் சலிக்கப் போய்விட்டாள். கொட்டகையைத் துழாவினார். இலைகளை மோந்து பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. சம்பந்தி வெறும் பெட்டியோடு திரும்பிப் போனால், மகன் மாமியார் முகத்தில் எப்படி விழிப்பான்?

சமையலறையிலிருந்து இரண்டு எஃகுச் சாப்பாட்டுக் குச்சிகளை எடுத்துக்கொண்டு பாத்திக்குப் போனார். அங்கும் இங்குமாக இலைகளைக் குத்தினார். கோழிகள் ஓடிவந்து காலைச் சுற்றின.

"ச்சூ! போங்க!"

கார் வந்து நின்றது. குச்சிகளைச் சட்டைப் பையில் திணித்தார்.

சம்பந்தி அம்மாள் வணங்கிவிட்டு நேரே பாத்திக்கு வந்தார். ஓர் இலையைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"உங்க ஊர்ப் புழு காம்பஸ் வெச்சுக் கடிக்குமோ, சம்பந்தி? எல்லாம் ஒரே வட்டமா இருக்கே! எங்கப்பாவும் கோஸ் போட்டவர்தான். புழு நரம்பை விட்டுட்டுத்தான் திங்கும். இது நரம்பையும் சேர்த்துக் குத்தியிருக்கு."

தொக்சுவின் காது சிவந்தது. பொய் வாய் வரை வந்து நின்றுவிட்டது. குச்சிகளை எடுத்து நீட்டினார்.

"நான்தான் குத்தினேன். புழு இல்ல. ஏன் இல்லைன்னு எனக்குத் தெரியாது. இவ பொறுக்கினேங்கறா, நான் நம்பல. உங்களுக்கும் சந்தேகமா இருந்தா கோஸை எடுத்துக்க வேணாம்."

அவர் நீட்டிய வேகத்தில் குச்சிகள் டக்டக்கென்று மோதிக்கொண்டன. அவ்வளவுதான், விரட்டிய கோழிகள் அத்தனையும் சிறகடித்துக்கொண்டு ஓடிவந்தன. கழுத்தை நீட்டி, குச்சி நுனியையே பார்த்து நின்றன.

"தினம் விடிஞ்சதும் அந்தக் குச்சியாலதான் புழு பொறுக்கி அதுங்களுக்குப் போடுறேன். அந்தச் சத்தந்தான் அதுங்களுக்குச் சாப்பாட்டு மணி" என்றாள் பின்னால் வந்து நின்ற ஓக்புன்.

சம்பந்தி அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "கோழிக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியலையே, சம்பந்தி! பெட்டியைக் கொண்டாங்க."

ஓக்புன் சிரிக்கவில்லை. "நீங்க குத்தினதெல்லாம் நம்ம வீட்டுக்கு" என்று சொல்லிவிட்டு அறுக்கக் கத்தி எடுக்கப் போனாள்.

கோழிகள் நகரவில்லை. தொக்சு இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, ஒரு புழுவாவது அகப்படுமா என்று இலை இலையாகப் பிரிக்கத் தொடங்கினார்.