பொன்னுத்தங்கத்தின் கையில் பற்றாத குச்சி

1959ஆம் ஆண்டு ஆவணியில் சிவகாசிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பொன்னுத்தங்கத்தின் கையில் எந்தத் தீக்குச்சியும் பற்றவில்லை. வந்த மறுநாள் புது மருமகள் அடுப்பு மூட்டிப் பால் காய்ச்சுவது அந்த வீட்டு வழக்கம். அவள் ஒரு பெட்டிக் குச்சியையும் உரசித் தீர்த்தாள், பொறிகூட எழவில்லை. தீப்பெட்டிக் கம்பெனி நடத்துகிற வீட்டு அடுப்படியில் இப்படி நடந்தால் என்னாவது? புருஷன் காளிராஜ் பெண்டாட்டியைச் சந்தேகிக்கவில்லை, சரக்கைத்தான் சந்தேகித்தான். கல்கத்தாவுக்கு ரயிலேறவிருந்த லோடு முழுவதையும் ஸ்டேஷனிலிருந்து திருப்பிக் கொண்டுவந்து இறக்கினான். பிரித்துப் பார்த்தால், கணக்கப்பிள்ளை கையிலும் வண்டிக்காரன் கையிலும் அதே குச்சிகள் ஜோராகப் பற்றின.

அதற்கப்புறம் ஊர் வாய் சும்மா இருக்குமா? அவளோ விருதுநகரில் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள், விஞ்ஞானத்தில் முதல் மார்க். குச்சி முனையில் என்னென்ன உப்பு, எது எதோடு சேர்ந்தால் எரியும் என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள். படிக்கிற பிள்ளை என்று தாய்வீட்டில் அவளை அடுப்படிப் பக்கமே விட்டதில்லை. மாமியார் பத்திரகாளி பஸ் ஏறிப் பள்ளிக்கூடத்துக்கே போய் நியாயம் கேட்டாள். பெரிய டீச்சர் பாடப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"எரியிறது எப்படின்னு முழுசா நடத்திட்டோம்மா. பத்த வைக்கிறது பாடத்துல இல்ல."

பத்திரகாளி ஊர் திரும்பி, வெள்ளிக்கிழமை மருமகளைத் தாய்வீட்டுக்கே அனுப்பிவிடுவதென்று முடிவு செய்தாள். இத்தனை வருஷப் படிப்பு ஒரு குச்சிக்கு உதவவில்லையே என்று அழுதபடி பொன்னுத்தங்கம் டிரங்குப் பெட்டியில் சேலைகளை அடுக்கினாள்.

வாசலில் வில்வண்டி பூட்டி நிற்கும்போதுதான் கம்பெனியில் குச்சி மருந்து கலக்கும் கொட்டகை பற்றிக்கொண்டது. உள்ளே காளிராஜ் இருந்தான். வாளியோடு ஓடியவர்கள் அனல் தாங்காமல் திரும்பினார்கள். பொன்னுத்தங்கம் வெறுங்கையோடு, நெருப்பு எரியப் பிராணவாயு அவசியம் என்று ஒப்பித்தபடியே போய், எரிகிற கதவைத் தொட்டாள். டீச்சர் நுழைந்ததும் அடங்குகிற வகுப்பைப் போல நெருப்பு அடங்கியது. காளிராஜ் மீசை கருகியதோடு வெளியே வந்தான். பத்திரகாளி டிரங்குப் பெட்டியைத் தானே வீட்டுக்குள் தூக்கிப் போனாள்.

வண்டியை அவிழ்த்துவிட்டார்கள். அடுத்த சீசனிலிருந்து மருந்துக் கொட்டகைச் சாவி பொன்னுத்தங்கத்தின் இடுப்பில் தொங்கியது. மற்றக் கம்பெனிக்காரர்களும் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய பெண்ணாகப் பார்த்துச் சம்பந்தம் தேடினார்கள். வீட்டு அடுப்பைத் தினமும் பத்திரகாளிதான் மூட்டினாள். மருமகள் காப்பிக்கு வந்து நின்றால், "கொஞ்சம் தள்ளி நில்லு தாயி, அடுப்பு அணைஞ்சிரும்" என்பாள். பொன்னுத்தங்கமும் தள்ளி நின்று குடித்துவிட்டுக் கம்பெனிக்குப் போவாள்.