மஞ்சள் தொண்டைச் சிட்டுக்கு இரங்கல் கூட்டம்

போன வருடம் எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு குருவிக்கு இரங்கல் கூட்டம் நடந்தது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. குருவியின் படத்தை நாற்காலியில் சாய்த்து வைத்து, ஏழு பெரிய மனிதர்கள் வரிசையாக நின்று, கைகளைக் கட்டிக்கொண்டு இரண்டு நிமிடம் மௌனம் காத்தார்கள். என் மாமனார் செத்தபோதுகூட இவ்வளவு ஒழுங்காக யாரும் நிற்கவில்லை.

குருவியின் பெயர் மஞ்சள் தொண்டைச் சிட்டு. என் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிது. உயரமான மரங்களின் உச்சியில், இலைகளுக்குள் திரியும். இந்தத் தீவைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அப்படிப்பட்ட உயிருக்கு 'ஓரிடவாழ்வி' என்று பெயராம், என் கணவர் வருகிறவர்களுக்கெல்லாம் விளக்குவார். கல்யாணமாகி வந்து இருபத்தொன்பது வருடமாக நானும் இந்தச் சமையலறையைத் தவிர வேறெங்கும் காணப்படுவதில்லை. என்னைப் பார்க்கத்தான் யாரும் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு கப்பலேறி வரக் காணோம்.

என் கணவர் பறவை வழிகாட்டி. பறவை பார்க்க வருகிறவர்கள் எங்கள் மாடியில் மூன்று அறைகளில் தங்குவார்கள். விடிவதற்குள் இவர் அவர்களைக் காட்டுக்கு ஓட்டிக்கொண்டு போவார், திரும்பி வந்ததும் நான் சாப்பாடு போடுவேன். எங்கள் காட்டில் இலைகள் அப்படி மூடிக் கிடக்கும், கண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் பண்ண முடியாது. இவர் பாதையில் நின்று, தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு, "இடது பக்கம், மூணாவது மரம், பாதி உயரம்" என்பார். பார்த்தால் இருக்கும். சும்மா சொல்லக்கூடாது, அதில் மனிதர் கெட்டிக்காரர். தீவில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'காதுக்காரர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தக் காதுக்காரரை நான் சமையலறையிலிருந்து நாலு தடவை கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். அடுப்பு மேடையில் டைமர் கீச்கீச் என்று கத்திக்கொண்டே இருக்கும், பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பார். பெரிய காது இருப்பவர்களுக்குச் சின்ன விஷயம் கேட்காது போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

இவரும் இன்னும் ஆறு பேரும் சேர்ந்ததுதான் தீவின் பறவையாளர் கழகம். அதில் இவர்தான் இளைஞர், வயது அறுபத்தொன்று. தலைவர் ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர், எண்பதைத் தொட இரண்டு வருடம் பாக்கி. பன்னிரண்டு வருடமாகப் புதிதாக ஒருவரையும் சேர்க்கவில்லை. சின்னப் பிள்ளைகளுக்குப் பொறுமை கிடையாது என்று தீர்மானமே போட்டு வைத்திருக்கிறார்கள். பெண்களுக்கும் கிடையாதாம். தேநீர்த் தட்டோடு வந்தால் மட்டும் தாராளமாக உள்ளே வரலாம்.

வருடத்தில் ஒரு நாள் காலையில் கழகத்தார் மலையில் ஏறிப் பறவைகளைக் கணக்கெடுப்பார்கள். ஆளுக்கொரு பாதை, பாதைக்குப் பன்னிரண்டு நிறுத்தம், நிறுத்தத்துக்குப் பத்து நிமிடம். கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் தாளில் எழுதி வனத்துறைக்குக் கொடுக்க வேண்டும். நாலு வருடத்துக்கு முந்தைய தாளில் சிட்டு இருந்தது. அதற்கடுத்த வருடம் பூஜ்யம். அதற்கும் அடுத்த வருடம் பூஜ்யம். போன வருடமும் பூஜ்யம். ஏழு பேரும் ஒரே குரலில் 'கேட்கவே இல்லை' என்றார்கள். என் கணவர் உட்கார்ந்து வனத்துறைக்கு நாலு பக்கத்தில் கடிதம் எழுதினார், இந்தப் பறவை நம்மை விட்டுப் போய்விட்டது என்று. காதுக்காரரே எழுதிவிட்டார், அப்புறம் என்ன? வனத்துறை நம்பியது. பிறகுதான் அந்த இரங்கல் கூட்டம்.

கூட்டத்தில் இவர் பேசினார். மகளை வெளியூருக்கு அனுப்பிய அன்று கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று சொன்ன ஆள், அன்றைக்கு அத்தனை பேர் முன்னாலும் அழுதார். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. மௌனம் காத்த இரண்டு நிமிடமும் நான் தட்டோடு கதவருகில் நின்றேன். ஒரு சத்தம் இல்லை. தண்ணீர்த் தொட்டிக்கு மேலே இருக்கும் மரத்துப் பக்கமிருந்து வழக்கமான கீச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. அது எங்கள் வீட்டு மோட்டார் பம்பின் கோளாறு. எண்ணெய் போடாத தையல் மெஷின் மாதிரி தினமும் காலையில் கீச்சிடும். பம்பைப் பாருங்கள் என்று இவரிடம் மூன்று தடவை சொல்லிவிட்டேன், போய் நின்று பார்த்துவிட்டு, ஒரு சத்தமும் வரவில்லை என்று திரும்பி வந்துவிட்டார். மாடியில் தங்கிய ஒரு இளம் ஜோடிகூட அது என்ன சத்தம் என்று கேட்டார்கள். இவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, பூச்சியாக இருக்கும் என்றார்.

இந்த வருடம் வனத்துறையிலிருந்து கடிதம் வந்தது. இந்தக் கணக்கெடுப்பிலும் பூஜ்யம் என்றால் சிட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். அதன் பெயரில்தான் மலைக்குப் பாதுகாப்பு, அதனால் மலையும் கையை விட்டுப் போகும். இருநூறு அறை ஓட்டல் ஒன்றுக்காக ஏற்கெனவே ஆட்கள் வந்து அடிவாரத்தை அளந்துவிட்டுப் போயிருந்தார்கள். மலை போனால் எங்கள் பிழைப்பும் போச்சு. இவரானால், "அதுவே இல்லன்னு ஆச்சு, மலை இருந்து என்ன" என்று வேதாந்தம் பேசிக்கொண்டு சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

கணக்கெடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சொல்வார், ஒருவர் எழுதுவார். எழுதுகிறவர் வாயைத் திறக்கக்கூடாது, தானாக எதையும் எழுதவும் கூடாது, அது விதி. இவருக்கு எப்போதும் எழுதும் எழுபது வயது வாத்தியார் குளியலறையில் வழுக்கி விழுந்து காலில் கட்டோடு கிடந்தார். தீவு முழுக்கத் தேடிவிட்டு, வேறு வழியே இல்லை என்ற முகத்தோடு என்னிடம் வந்தார்.

"நீ வாயத் திறக்காம எழுதுவியா?" என்று கேட்டார்.

வாயைத் திறக்காமல் அட்டையையும் பென்சிலையும் வாங்கிக்கொண்டேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், முதல் நாலு நிறுத்தத்தில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நான் காற்றையும் என் மூச்சையும் தவிர ஒன்றையும் கேட்கவில்லை. இவர் கண்ணை மூடிக்கொண்டு, குக்குறுவான் மூன்று, மலைப்புறா ஒன்று, பள்ளத்தில் ஆந்தை ஒன்று என்று மளிகைச் சாமான் சொல்வது மாதிரி சொல்லிக்கொண்டே போனார். இத்தனை வருடம் இந்த மனிதர் காட்டில் என்ன பண்ணுகிறார் என்று நான் பார்த்ததே இல்லை.

ஐந்தாவது நிறுத்தத்தில் என் வீட்டுப் பம்பு கீச்சிட்டது.

மலை மேல் ஏது பம்பு? கீச்சு எங்கள் தலைக்கு நேர் மேலேயிருந்து வந்தது. அண்ணாந்து பார்த்தேன். இலைகளுக்கு நடுவே கைக்குட்டை அளவு வெளிச்சம். அதில் கட்டைவிரல் மாதிரி ஒன்று உட்கார்ந்திருந்தது. தொண்டை மஞ்சள். ஒவ்வொரு கீச்சுக்கும் அந்தத் தொண்டை துடித்தது. இருபது வருடமாக எங்கள் கட்டிலுக்கு மேல் தொங்கும் படம், எனக்குத் தெரியாதா?

இவரைப் பார்த்தேன். தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, உடம்பு முழுவதையும் காதாக்கிக்கொண்டு நின்றிருந்தார். மேலே அது விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. முகத்தில் ஒரு அசைவு இல்லை. பத்து நிமிடம் முடியப் போகும்போது, சாவுச் செய்தி சொல்லும் குரலில், "சிட்டு, பூஜ்யம்" என்றார்.

வேறு சமயமாக இருந்தால் நக்கலாக நாலு வார்த்தை என் நாக்கில் வந்து நின்றிருக்கும். அப்போது ஒன்றும் வரவில்லை. டைமர், பம்பு, பூச்சி எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக விளங்கியது. தடித்த சத்தம் கேட்கும், கீச்சென்ற மெல்லிய சத்தங்கள்தான் இவர் காதிலிருந்து உதிர்ந்துபோய் மூன்று வருடமாகிவிட்டது. இவருக்கு மட்டுமா? ஏழு கிழவர்களும் சேர்ந்து, தங்கள் காது செத்ததற்குக் குருவிக்கு இரங்கல் நடத்தியிருக்கிறார்கள். செத்ததாகச் சொல்லப்பட்டது மரத்தில் உட்கார்ந்து மௌனத்தில் கலந்துகொள்ளாமல் கத்திக்கொண்டிருந்திருக்கிறது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது.

பூஜ்யம் என்று எழுதினால் மலை போகும். உண்மையைச் சொன்னால் காதுக்காரர் போவார். அந்தப் பெயரைத் தவிர அவரிடம் வேறு சொத்தும் கிடையாது.

"என்னங்க," என்றேன்.

விரலை உதட்டில் வைத்தார்.

"அது கத்துதுங்க. உங்க தலைக்கு மேலதான். இப்பவும் கத்துது."

அண்ணாந்து பார்த்தார். அது இலைக்குள் நகர்ந்துவிட்டது. மறுபடி காதைச் சாய்த்தார். முதலில் கோபம் வந்தது, அது எனக்குப் பழகிய முகம். பிறகு வந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

"எப்படிக் கத்துது?" என்று கேட்டார்.

"மூணு தடவ வேகமா கீச்கீச்சுனு. அப்புறம் ஒரு இழுப்பு. நம்ம வீட்டுத் தொட்டி மேலயும் தினம் கேக்குதே, பம்புன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்."

அந்தச் சிட்டுக்கே உரிய இழுப்பை எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை என்று அவருக்குத் தெரியும். அப்படியே ஒரு வேரின் மேல் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் உட்காரலாமா, வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன். இறக்கை முளைத்த எதைப் பற்றியும் அதுவரை அவர் என் பேச்சை நம்பியதில்லை. நீங்கள் சொல்வதைத்தான் நான் எழுத வேண்டும், என்ன எழுத என்று கேட்டேன். அவர் மறுபடியும் பூஜ்யம் என்று சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

"எழுது," என்றார். "ஒண்ணு."

மீதி ஏழு நிறுத்தத்திலும் நான் கேட்டு விரலைக் காட்டினேன், அவர் எண்ணைச் சொன்னார், நான் எழுதினேன். மொத்தம் பதினொன்று. ஒன்றைக்கூட அவர் கேட்கவில்லை, ஒன்றும் இலையை விட்டு வெளியே வந்து அவருக்கு முகம் காட்டவும் இல்லை.

அடிவாரத்தில் மேசை போட்டு வனத்துறை ரேஞ்சர் உட்கார்ந்திருந்தார், முப்பது வயதுப் பையன் மாதிரி இருந்தார். கழகத்தார் எல்லாரும் ஏற்கெனவே பூஜ்யத்தோடு வந்து சேர்ந்திருந்தார்கள். எங்கள் தாளைப் பார்த்ததும் ரேஞ்சர் நிமிர்ந்தார். தலைவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். எழுதியது யார் என்று கேட்டார், நான்தான் என்றதும் இன்னும் கொஞ்சம் சிரித்தார். பெண்களுக்கு இளகிய மனசு, ஆசைப்பட்டு எழுதியிருப்பாள் என்றார். பிறகு என் கணவரின் தோளில் கை போட்டார்.

"நீ கேட்டியாப்பா? உன் காதால கேட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு. நாங்க எல்லாரும் கையெழுத்துப் போடுறோம்."

ஒரு வார்த்தை போதும். 'ஆமா' என்றால் மலையும் தப்பிக்கும், பெயரும் தப்பிக்கும். சொல்லித் தொலையுங்களேன் என்று நான் உள்ளுக்குள் கெஞ்சினேன். அந்தப் பொய்க்கு எத்தனை பேர் முன்னால் வேண்டுமானாலும் சாட்சி சொல்லத் தயாராக இருந்தேன்.

இவர் தொப்பியைக் கழற்றினார்.

"நான் கேக்கல. என் வீட்டுக்காரிதான் கேட்டா. மூணு வருஷமா எனக்கு அந்தச் சத்தம் கேக்கல, அது எனக்கே தெரியல. குருவி எங்கயும் போகல. என் காதுதான் போயிடுச்சு." வரிசையாக எல்லாரையும் பார்த்தார். "உங்களுக்குந்தான்."

தன் காதுக்கு ஒரு குறையும் கிடையாது என்று தலைவர் ஊருக்கே கேட்கும்படி கத்தினார். மற்றவர்களில் ஒருவர் மெதுவாகக் காதுக்குள் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டார். நான் அந்தக் கீச்சைச் செய்து காட்டியதும் ரேஞ்சர் தொண்டையைச் செருமினார். அவருடைய குடியிருப்புக்குப் பின்னாலும் அப்படி ஒரு சத்தம் வருகிறதாம், எலி என்று நினைத்தாராம். எங்கள் வனத்துறையின் லட்சணம் அது. பெரியவர்கள் போய்விட்டது என்று எழுதிக் கொடுத்த பறவையைக் கேட்க அவர் யார்? அன்றைக்கே என்னை ஐந்தாவது நிறுத்தத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், தன் காதால் கேட்டு, தாளில் கையெழுத்துப் போட்டார். மலை தப்பித்தது.

இறங்கி வீட்டுக்கு நடந்தோம். கடைத்தெருவில் வழக்கம்போல யாரோ "காதுக்காரரே" என்று கூப்பிட்டார்கள். இவர் திரும்பவில்லை. அது கேட்கவில்லையா, கேட்டும் திரும்பவில்லையா என்று நான் கேட்கவில்லை. தெரு முடிந்து வீடுகள் குறைந்த இடத்தில், பாலத்துச் சுவரில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு தடவ செஞ்சு காட்டேன்," என்றார். "எனக்குக் கேக்கிற மாதிரி."

தெருவில் ஆள் இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்தேன். என் குரல் தடித்த குரல், அதைக் கிண்டல் பண்ணாத ஆள் எங்கள் வீட்டில் கிடையாது. அந்தக் குரலில், நிதானமாக, மூன்று தடவை குறுக்கி, ஒரு தடவை இழுத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையைச் சாய்த்து, காட்டில் நிற்பது மாதிரியே கேட்டார்.

"கடைசி இழுப்பு இன்னும் கொஞ்சம் நீளம்," என்றார்.

மறுபடி செய்தேன். இழுப்பு பாதியிலேயே உடைந்துவிட்டது. அவர் திருத்தவில்லை.