மூன்று தட்டுக்குப் பதில்

ஹால்வர் சட்டசபைக்குப் போனது ஒரே ஒரு சட்டத்துக்காக. மினசோட்டாவில் எங்கள் ரயில் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. எஞ்சின் பாய்லருக்குள் கொதிநீரைத் திறந்துவிடும் முன் சுத்தியலால் மூன்று தட்டு தட்டவேண்டும். உள்ளே ஆள் இருந்தால் திருப்பித் தட்டுவான். பதில் வராவிட்டால் திறந்துவிடலாம். இதைக் கண்டுபிடித்தவன் நாசமாய்ப் போக. பாய்லருக்குள் குந்தி, வெளியிலிருந்து சம்மட்டியால் அடிக்கிற ரிவிட் ஆணியைத் தாங்கிப் பிடிக்கிறவனுக்குச் சில வருஷத்திலேயே காது போய்விடும். செவிடன் எதைக் கேட்டுத் தட்டுவான்? ஹால்வரின் தம்பி அஸ்லாக் அப்படித்தான் உள்ளேயே வெந்தான். தூக்கியபோது தோல் என் கையோடு வந்தது.

ஹால்வரும் அதே வேலை பார்த்தவன், அவனும் செவிடு. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வான். தேர்தலில் ஓட்டுக் கேட்டு வந்தபோது என் சட்டையைப் பிடித்து உலுக்கினான்.

"ஓட்டு கெடக்கட்டும்டா. சட்டம் வர்ற வரைக்கும் நீயாவது மூடியத் தெறந்து உள்ள பாரு. சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

ஹால்வர் ஜெயித்துப் போனான். சட்டசபையில் அந்தச் சட்டத்துக்கு வாக்கெடுப்பு நாள் காலை. கொதிநீர்க் குழாய் என் பொறுப்பு. ஒரு பழைய எஞ்சினைக் காட்டி, "தெற" என்றான் மேஸ்திரி கிராண்டால். தட்டினேன். பதில் இல்லை. ஏணியை எடுத்தேன்.

"எங்கடா ஏறுற?"

"பாத்துட்டுத் தெறக்கறேன் மேஸ்திரி."

"அந்தச் செவிட்டுப் பயலோட சட்டம் இன்னும் வரலடா, மடையா!"

அவனே பாய்ந்து குழாயின் திருகைப் பிடித்தான். சுத்தியலால் அவன் மணிக்கட்டில் போட்டேன். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. பாவமாகவே இல்லை எனக்கு.

மேல்மூடியைத் திறந்தால், உள்ளே ஹால்வர். முந்தின சாயங்காலம் ரயில் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் கம்பெனியின் அடியாட்கள் கடப்பாரையால் அடித்து உள்ளே போட்டிருக்கிறார்கள். இரண்டு கையும் ஒடிந்து தொங்கியது. வாயில் எண்ணெய்த்துணி. உயிர் இருந்தது. எல்லாரும் ஓடிவந்து எட்டிப் பார்த்தார்கள், கிராண்டால் மட்டும் வரவில்லை. உள்ளே யார் என்று அவனுக்குத் தெரியும். இறங்கிப் போய் அவன் பல்லை உடைத்தேன்.

துணியை உருவியதும் ஹால்வர் கேட்டது, "காலை ரயிலும் போயிடுச்சா?"

"டாக்டர்கிட்ட போலாம்டா!"

"அதெல்லாம் அப்புறம். என்னத் தூக்கு."

கையைப் பலகை வைத்துக் கட்டி, சட்டசபை இருக்கும் செயின்ட் பாலுக்கு ரயிலில் கூட்டிப் போனேன். நான் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்தேன். கம்பெனிக்காரர்களின் ஆளான விட்கோம் என்ற வக்கீல் உறுப்பினர் பேசிக்கொண்டிருந்தார்.

"மூணு தட்டு போதும்ங்க. உயிரோட இருக்கறவன் எவனாவது பதில் தட்டாம இருப்பானா? ஒருத்தன, ஒரே ஒருத்தனக் காட்டுங்க பாப்போம்!"

ஹால்வர் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்தான். முகமெல்லாம் காய்ந்த ரத்தம்.

"நான்தான். இன்னிக்குக் காலையில."

விட்கோம் உட்கார்ந்துவிட்டார்.

ஆதரிப்பவர்கள் கையைத் தூக்கச் சொன்னார் சபாநாயகர். ஹால்வரால் முடியவில்லை. பக்கத்தில் இருந்த விவசாயி உறுப்பினரிடம் திரும்பினான்.

"தூக்குய்யா."

"ஒடிஞ்ச கைய்யா அது!"

"தூக்குங்கறேன்ல!"

அந்த மனுஷன் கண்ணை மூடிக்கொண்டு தூக்கினார். ஹால்வர் அலறிய அலறலில் நான் மாடத்தில் எழுந்து நின்றுவிட்டேன். மற்ற உறுப்பினர்களின் கைகளும் ஒவ்வொன்றாக மேலே போக, சட்டம் ஜெயித்தது. தான் அப்படி அலறினது ஹால்வருக்குக் கேட்கவே இல்லை.