அண்ணியின் கல்லீரல்

என் வீட்டுக்காரருக்குள் இப்போது அவருடைய அக்கா, அதாவது என் அண்ணி, இருக்கிறாள். பேச்சுக்குச் சொல்லவில்லை. அவருடைய கல்லீரல் கெட்டு, கண்ணெல்லாம் மஞ்சளாகிப் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, தன் கல்லீரலில் பாதியைக் கொடுத்தவள் அவள்தான். நானும் முந்திக்கொண்டு போய் நின்றேன். ரத்த வகை சேரவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திய எனக்குச் சேரவில்லையாம்!

நன்றி சொல்ல வேண்டியவள் நான். சொன்னேன். ஆனாலும் வயிறு எரிந்தது.

போதாக்குறைக்கு டாக்டரம்மா ஒன்றைச் சொல்லித் தொலைத்தார். சாப்பிட்டது குடலில் கரைந்ததும் முதலில் கல்லீரலுக்குத்தான் போகுமாம். அது நஞ்சைக் கழித்து, வேண்டியதைச் சேர்த்து வைத்துக்கொண்டு, பிறகுதான் மற்ற இடங்களுக்கு அனுப்புமாம். அப்படியென்றால், அடுப்படியில் வெந்து நான் ஆக்கிப் போடுவதெல்லாம் முதலில் அண்ணியிடம் போய், அவள் பார்த்துக் கொடுத்தால்தான் அவருக்கு! கல்யாணமான புதிதில் அவர் எனக்கு வாங்கி வந்த துணிகூட அவள் பிரித்துப் பார்த்த பிறகுதான் என் கைக்கு வரும்.

கொஞ்சம் நடமாட முடிந்ததுமே தினமும் சாயங்காலம் வர ஆரம்பித்தாள். அடுப்படி வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

"அதுக்கு இவ்வளவு எண்ணெய் ஆகாதும்மா."

"எதுக்கு அண்ணி?"

"என் ஈரலுக்குத்தான்."

இதற்கு அவர் சிரிப்பார். அவளும் சிரிப்பாள். இரண்டு பேரும் தையல் போட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மூடியை ணங்கென்று பாத்திரத்தின் மேல் போடுவேன்.

மூன்றாம் மாதம் இருவரையும் ஸ்கேனுக்கு வரச் சொன்னார்கள். டாக்டரம்மா படத்தைப் பார்த்து, இவருக்குள் வைத்த பாதி வளர்ந்து அநேகமாக முழு அளவுக்கு வந்துவிட்டது என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததுதான் தாமதம், ஆரம்பித்துவிட்டேன்.

"கேட்டீங்களா அண்ணி? நீங்க குடுத்தது பாதிதான். மீதி என் சோத்துல வளர்ந்தது."

அவள் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

"எனக்கும்தான் வளர்ந்திருக்குன்னு சொன்னாங்க. அது யார் சோத்துல வளர்ந்துச்சு, சொல்லு பாப்போம்."

அவள் தனியாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே கேஸ் அடுப்பைத் தானே பற்ற வைத்தவள். அத்தனை சாயங்காலமும் என் சாப்பாட்டு வாசனையில் நின்றவளிடம், ஒரு வாய் சாப்பிடுங்கள் என்று நான் சொன்னதே இல்லை.

அவர் மெதுவாக அவள் பக்கம் திரும்பினார்.

"காலையில என்னக்கா சாப்பிட்ட?"

அது நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. முதல்முறையாக அவர்மேல் பொறாமைப்பட்டேன்.